காய்ந்த பூவுக்குள் காத்திருக்கும் ஈ

மாம்பழத்தை அறுக்கும்போது சதைக்குள் நெளியும் வெள்ளைப் புழுவை நாம் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்போம். அது பழ ஈயின் புழு. வாழைப்பழத் தட்டைச் சுற்றிப் பறக்கும் கடுகளவுப் பூச்சியையும் பலர் அதே பெயரால் அழைப்பார்கள். ஆனால் அது வேறு குடும்பம். உண்மையான பழ ஈக் குடும்பத்தில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 5,000 இனங்கள் உண்டு. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பழத்தின் பக்கமே போவதில்லை. சூரியகாந்தி, சாமந்தி வகையைச் சேர்ந்த காட்டுச்செடிகளின் பூக்களுக்குள்ளேயே அவை பிறந்து வளர்கின்றன.

ஏறக்குறைய அரிசிமணி அளவிலான ஈக்கள் இவை. இறக்கையில் பழுப்புப் புள்ளிகளும் பட்டைகளும் வலைப்பின்னல்களும் இருக்கும். பூமொட்டின் மேல் நின்றுகொண்டு அந்த இறக்கைகளை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துக் காட்டும். பெரும்பாலான மற்ற ஈக்களிடம் காணாத இந்த அசைவை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

இவற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என் மனத்தில் ஒரே கேள்விதான் நின்றது. ஒரு காட்டுச்செடி ஆண்டில் சில வாரங்கள்தான் பூக்கிறது. அந்தப் பூவைத் தவிர வேறெதையும் உண்ணத் தெரியாத புழுவுக்குத் தாயான ஈ, மீதி மாதங்களை எங்கே, எப்படிக் கழிக்கிறது? ஈயின் உருவம், நடத்தை, எதிரிகள் என எதைத் தொட்டாலும் கடைசியில் இந்தக் காத்திருப்பில்தான் வந்து நிற்கிறது.

முதலில் பூவைப் பார்ப்போம். ஒரு சாமந்தியை நாம் ஒரு பூ என்கிறோம். உண்மையில் அது நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் நெருக்கி அமர்ந்திருக்கும் ஒரு கூட்டம். அடியில் தட்டுப் போன்ற ஒரு மேடை இருக்கிறது. அதன்மேல் சிறுபூக்கள் நட்டுவைத்ததுபோல் நிற்கின்றன. ஒவ்வொரு சிறுபூவின் அடியிலும் ஒரு சூலகம், அதிலிருந்து ஒரே ஒரு விதை. இந்த முழு அமைப்பையும் பூத்தலை என்று சொல்லலாம். சுற்றிலும் பச்சைச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் மூடியிருக்கும். புழுவுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, உள்ளே புரதமும் கொழுப்பும் நிறைந்த விதைகள் இருக்கின்றன.

ஆனால் அந்த வீடு நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கிறது. மொட்டு மிகச் சிறியதாக இருந்தால் உள்ளே உணவு போதாது. அளவாக வளர்ந்திருக்கும்போது எல்லாமே மெத்தென்று இருக்கும். பூ விரிந்தபின் விதையின் தோல் கெட்டிப்படத் தொடங்கும். அதற்குள் புழு விதைக்குள் நுழைந்திருக்க வேண்டும். தாய் ஈ முட்டையிட வரும் நாள் முன்னே பின்னே ஆனால் குஞ்சு பொரித்த புழுவுக்கு ஒன்று சாப்பாடு இருக்காது, இல்லை பல் இறங்காது. அதனால்தான் ஒவ்வோர் இனமும் மொட்டின் வளர்ச்சியில் தனக்கென்று ஒரு பருவத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. பெண் ஈ மொட்டின் மேல் முன்னும் பின்னும் நடந்து அளவு பார்க்கும். பிடித்திருந்தால் வயிற்றின் நுனியிலுள்ள ஊசிபோன்ற உறுப்பைச் செதில்களின் இடுக்கில் செலுத்தி உள்ளே முட்டை வைக்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்தவற்றில் மிக அழகான உதாரணம் இங்கிலாந்தில் பாதையோரங்களில் வளரும் பர்டாக் என்ற செடி. நடைபோய்விட்டு வந்தால் கால்சட்டையிலும் நாயின் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு வரும் கொக்கிமுள் உருண்டைகள் இந்தச் செடியின் பூத்தலைகள்தான். இவற்றைப் பார்த்துத்தான் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையை உருவாக்கினார். இந்த ஒரே செடியின் பூத்தலைக்குள் இரண்டு பழ ஈ இனங்கள் வாழ்கின்றன. ஒன்று டெஃப்ரைடிஸ் பர்டானே. மற்றொன்று டெரெல்லியா டுசிலாஜினிஸ். நைஜல் ஸ்ட்ரா என்ற ஆய்வாளர் இவற்றைப் பக்கம்பக்கமாக வைத்து ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டார்.

டெஃப்ரைடிஸ் முந்திக்கொள்கிறது. மொட்டு இன்னும் சிறிதாகவும் இறுக்கமாகவும் இருக்கும்போதே வந்து முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் விதை உருவாகும்வரை காத்திருப்பதில்லை. இளம் சிறுபூக்களையும் அவற்றின் அடித்தட்டையும் தின்று வேகமாக வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, அதே கோடையில் ஈயாக வெளியேறிவிடுகின்றன. டெரெல்லியா பிறகு வருகிறது. பருத்த மொட்டுகளைத் தேர்ந்தெடுத்து முட்டையிடுகிறது. அதன் புழு உருவாகிவரும் விதைகளுக்குள் நுழைந்து தின்கிறது. கோடை முடியும்போது அது முழு வளர்ச்சி பெற்ற புழுவாக, காயும் பூத்தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

ஆக, குளிர்காலம் வரும்போது ஒரே செடியின் இரு விருந்தாளிகள் எதிரெதிர் நிலையில் இருக்கிறார்கள். டெரெல்லியா புழு காய்ந்த உருண்டைக்குள் உண்ணாமல் அசையாமல் கிடக்கிறது. டெஃப்ரைடிஸ் முழு ஈயாக வெளியே இருக்கிறது. பர்டாக் காய்ந்து நிற்கையில் அதற்கு அங்கே வேலை இல்லை. பைன் போன்ற பசுமை மாறாத மரங்களின் இலைகளுக்கிடையே ஒதுங்கிக்கொண்டு பனியையும் பட்டினியையும் தாங்க வேண்டும். பெண் ஈயின் உடலில் முட்டைகள் அப்போது முதிர்வதில்லை. சினைப்பை வசந்தம்வரை உறங்குகிறது. அடுத்த ஆண்டு பர்டாக் மொட்டு வைக்கும்போது இந்த ஈக்கு வயது ஏறக்குறைய பத்து மாதம். ஓர் ஈக்கு அது நெடுங்காலம்.

இப்போது மொட்டு விஷயம் தெளிவாகும். டெஃப்ரைடிஸால் ஏன் சின்ன மொட்டிலேயே முட்டையிட முடிகிறது? அது ஏற்கெனவே ஈயாக இருப்பதால். மொட்டு எட்டிப்பார்த்த உடனே தயாராக நிற்கிறது. டெரெல்லியா முதலில் கூட்டுப்புழுவாக மாறி, பிறகு ஈயாகி, இணைசேர்ந்து வருவதற்குள் மொட்டு பருத்துவிடுகிறது. குளிர்காலத்தை எந்த உருவில் கழித்தோம் என்பதே கோடையில் எதைத் தின்போம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. ஒரே பூத்தலையை இருவரும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்வதன் பின்னால் இந்தக் கால வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பூத்தலைக்குள் தங்கும் வழியை எடுத்துக்கொண்டவர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். செடியையே வீடு கட்டவைக்கிறார்கள். நெல் விளையும் ஊர்களில் ஆனைக்கொம்பன் ஈயைத் தெரியாதவர் இல்லை. அதன் புழு நெற்பயிரின் குருத்தைத் தாக்கினால் குருத்து வெங்காய இலைபோல் குழலாக நீண்டுவிடும். ஆனைக்கொம்பன் பழ ஈக் குடும்பம் அல்ல. ஆனால் தந்திரம் ஒன்றே. புழு தரும் தூண்டுதலால் செடி தன் உடலையே வேறு வடிவில் வளர்த்துக் கொடுக்கிறது. இப்படி உருவாவதைக் கழலை என்பார்கள். ஐரோப்பாவின் நாப்வீட், திஸில் முதலிய முள்ளும் செதிலுமான செடிகளில் யூரோஃபோரா என்ற பேரினத்து ஈக்கள் பூத்தலைக்குள் இத்தகைய கழலையை உண்டாக்குகின்றன. சில இனங்களின் கழலை மரக்கட்டைபோல் உறுதியானது. கத்தியால் கீறினால்தான் பிளக்கும். உள்ளே ஒவ்வோர் அறைக்கும் ஒரு புழு.

இந்த அறைக்குள் புழு கோடையின் இறுதிக்குள் முழுதாக வளர்ந்துவிடும். பிறகு தின்பதை நிறுத்திவிடும். அடுத்த வசந்தம்வரை உறக்கநிலை. குளிர் குறைந்து வெப்பம் ஏறத் தொடங்கியதும் அதே அறைக்குள் கூட்டுப்புழுவாகும். கோடை தொடங்கும்போது ஈ வெளிவரும். வெளிவருவதும் எளிதல்ல. ஈக்குக் கடிக்கும் தாடை கிடையாது. அதன் நெற்றியில் ஒரு பை இருக்கிறது. உடல் திரவத்தை அதற்குள் செலுத்தி ஊதிப் பெரிதாக்கி, முட்டி மோதி வழியைத் திறந்துகொண்டு வெளியே வருகிறது. வெளியே வந்தபின் அந்தப் பை தலைக்குள் ஒடுங்கிவிடும், திரும்ப ஒருபோதும் பயன்படாது. ஈயாக அது வாழ்வது சில வாரங்கள். ஆண்டின் மற்ற நாள்களில் அதன் முகவரி அந்தக் கட்டை அறைதான்.

அந்த முகவரி எதிரிகளுக்கும் தெரியும். ஜார்ஜ் வார்லி என்ற பிரிட்டிஷ் பூச்சியியலாளர் 1930-களின் நடுவில் கேம்பிரிட்ஜ் அருகே மேடிங்லியில் கரிய நாப்வீட் செடிகளில் வாழும் யூரோஃபோரா ஜசியானா என்ற ஈயைத் தொடர்ந்து கணக்கெடுத்தார். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் எத்தனை முட்டை இடப்பட்டது, எத்தனை கழலையானது, எத்தனை எதனால் செத்தது, அடுத்த கோடையில் எத்தனை ஈ எழுந்தது என்று ஆண்டு முழுவதும் பூத்தலைகளைப் பிளந்து பிளந்து எண்ணினார். 1947-இல் வெளியான அவருடைய கட்டுரை, உயிரினங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது எது என்ற கேள்வியில் இன்றும் பாடமாக வாசிக்கப்படுகிறது. இது பொறுமையால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. இவ்வளவு எளிய கருவிகளோடு இவ்வளவு தெளிவான விடை கிடைத்த ஆய்வுகள் குறைவு.

அவர் கண்டது இதுதான். கோடையில் முக்கிய எதிரி ஒட்டுண்ணிக் குளவிகள். யூரிடோமா என்ற சின்னஞ்சிறு குளவி வளரும் புழுவுக்குள் முட்டையிடுகிறது. குளவியின் குஞ்சு உள்ளே இருப்பதால் ஈயின் புழு உரிய காலத்துக்கு முன்பே கூட்டுப்புழு வடிவம் எடுத்துவிடுகிறது. அதாவது எதிரி அதன் நாட்காட்டியையே முன்னால் நகர்த்திவிடுகிறது. குளிர்காலத்தில் கதை மாறுகிறது. நாப்வீட் தண்டுகள் சாய்ந்து பூத்தலைகள் தரையில் உதிர்கின்றன. அங்கே எலிகள் கழலைகளைக் கொறித்து உள்ளிருக்கும் கொழுத்த புழுவைத் தின்றுவிடுகின்றன. ஈயையும் குளவியையும் எலி வேறுபாடு பார்ப்பதில்லை. குளிர்காலம் முடியும்போது இடப்பட்ட முட்டைகளில் ஈயாக மிஞ்சுவது மிகச் சொற்பம்.

எலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

குளிர்காலம் என்று பேசிக்கொண்டே போனால், பனியில்லாத நாட்டில் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும். அதற்குச் சரியான இடம் தெற்கு கலிஃபோர்னியா. அங்கே தாழ்வான பாலைவனம், புதர்க்காடு, உயர்ந்த மலை எல்லாம் சில மணி நேரப் பயணத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. பாலைவனத்தில் குளிர்கால மழையை நம்பி வசந்தத்தில் பூ வரும். மழை பொய்த்தால் சில செடிகள் முளைக்கவே செய்யாது. ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கோடன் பல பத்தாண்டுகளாக அந்த நிலத்தில் அலைந்து, பூத்தலைகளைப் பறித்து வந்து பிளந்து, எந்த ஈ எந்தச் செடியில் எந்த மாதத்தில் எந்த உருவில் இருக்கிறது என்று ஒவ்வோர் இனமாக எழுதிவைத்தார். டேவிட் ஹெட்ரிக்கோடு சேர்ந்து அவர் 1998-இல் எழுதிய தொகுப்புக் கட்டுரை, பழம் தின்னாத பழ ஈக்களைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் புரட்ட வேண்டியது.

அவர்கள் இந்த ஈக்களின் ஆண்டு வாழ்க்கையை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை பிறந்த செடியைச் சுற்றியே வாழ்வது. புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ ஈயாகவோ ஆண்டு முழுவதும் தன் செடியில் அல்லது அதன் அருகிலேயே இருக்கும். கழலை கட்டும் ஈக்கள் பலவும் இப்படித்தான். இரண்டாவது வகை கலைந்து போய்க் கூடுவது. பூக்காலம் முடிந்ததும் ஈக்கள் வெளியேறிச் சிதறிவிடும். நீரோடைக் கரைகளிலும் மலைப் புதர்களிலும் நெடுநாள் வாழும். பிறகு எங்கே செடி மொட்டு வைக்கிறதோ அங்கே வந்து சேரும். பூ விரிவதற்கு முன்பே மொட்டுச் செடிகளில் ஆணும் பெண்ணும் கூடி, இணைசேர்ந்து, அங்கேயே முட்டையிடும். பர்டாக்கின் இரண்டு ஈக்களை நினைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை உடனே பிடிபடும்.

ட்ரூபேனியா என்ற பேரினத்து ஈக்கள் இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம். இறக்கை நுனியில் கருநட்சத்திரம் வரைந்ததுபோல் இருக்கும். இவற்றில் சில இனங்கள் ஆண்டில் பல தலைமுறை காண்கின்றன. வசந்தத்தில் தாழ்ந்த பாலைவனத்தில் பூக்கும் செடிகளில் ஒரு தலைமுறை. அங்கே வெயில் ஏறிப் பூ கருகும் நேரத்தில் சற்று உயரத்தில் வேறு செடிகள் மொட்டு வைத்திருக்கும். ஈக்கள் அங்கே ஏறிப்போகின்றன. இப்படிப் பூக்காலம் மலைமேல் ஏற ஏற ஈக்களும் பின்தொடர்கின்றன. ஒரே செடியை மட்டும் நம்பும் இனத்துக்கு இந்த வசதி கிடையாது. எந்தச் செடியானாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும் இனத்துக்குத்தான் இது வாய்க்கும். புழுக்களும் பூத்தலைக்குள் சூலகங்களைத் தின்பதோடு நிற்பதில்லை. வளர்ந்த புழு அடித்தட்டைக் கீறி, ஊறிவரும் சாற்றை உறிஞ்சுகிறது. செடி உயிரோடு இருக்கும்வரை அந்த ஊற்று வற்றாது.

நாட்காட்டி ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே மேற்குக் கரையில் நடந்த ஒரு சம்பவம் காட்டுகிறது. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த மஞ்சள் நட்சத்திர முள்செடி அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெருங்களையாகப் பரவிவிட்டது. அதன் விதைகளை அழிப்பதற்காக அதன் தாயகத்திலிருந்தே பூத்தலை ஈக்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்று மயில் ஈ என்று பெயர் பெற்ற கேட்டோரெல்லியா ஆஸ்த்ராலிஸ். பூத்தலைக்குள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் அது வெளிவருகிறது. ஆனால் அந்த நேரத்தில் முள்செடி இன்னும் மொட்டு வைத்திருக்காது. முட்டையிட இடமில்லை. அருகில் நீலப்பூப் பூக்கும் கார்ன்ஃபிளவர் செடி வளரும் இடங்களில் மட்டும் முதல் தலைமுறை அதில் பிழைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறை முள்செடிக்குப் போகிறது. கார்ன்ஃபிளவர் இல்லாத இடத்தில் மயில் ஈ நிலைக்கவில்லை. சில வார இடைவெளி ஓர் இனத்தின் பரவலுக்கே எல்லைக்கோடு போட்டுவிட்டது.

இதில் எதிர்பாராத திருப்பமும் உண்டு. 1991-இல் கிரேக்க நாட்டிலிருந்து வந்த ஈக்களை ஓரிகன் மாநிலத்தில் விட்டபோது, அவற்றில் வேறோர் இனமும் கலந்திருந்தது. தோற்றத்தில் அவ்வளவு ஒற்றுமை. 1996-இல் கலிஃபோர்னியாவில் அதைக் கண்டபிறகே கேட்டோரெல்லியா சக்சினியா என்று அடையாளம் தெரிந்தது. இப்போது போலி மயில் ஈ என்று அழைக்கப்படும் இந்த ஈ, அனுமதியின்றி நுழைந்தும் முள்செடியோடு பொருந்திப்போய் மயில் ஈயைவிடப் பல மடங்கு பரவிவிட்டது. நன்மையாக முடிந்தது என்று சிலர் சொல்லக்கூடும். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. சூரியகாந்தி குடும்பத்துப் பயிர்களும் அங்கே விளைகின்றன. எந்தப் பூவை விரும்பும் என்று முன்கூட்டிச் சோதிக்காத ஈ ஒன்று ஒரு கண்டத்துக்குள் நுழைந்தது, தற்செயலாகப் பெருந்தீங்கு இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான்.

இனி எலிக்கு வருவோம். மொன்டானா மாநிலத்தின் புல்வெளிகளைப் புள்ளி நாப்வீட் என்ற ஐரோப்பியச் செடி ஆக்கிரமித்திருந்தது. அதன் விதைகளைக் குறைக்க 1970-களில் இரண்டு யூரோஃபோரா இனங்களை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று இளமொட்டில் முட்டையிட்டு மரக்கட்டைக் கழலை உண்டாக்குவது. இன்னொன்று சற்றே முதிர்ந்த மொட்டில் முட்டையிட்டு மெல்லிய கழலை உண்டாக்குவது. இரண்டும் நன்றாகவே பெருகின. விதை குறைந்தது. செடி மட்டும் ஒழியவில்லை. அதனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புல்வெளி முழுவதும் காய்ந்த நாப்வீட் தலைகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கொழுப்பு நிறைந்த புழுக்கள். ஈயின் நாட்காட்டியில் உறக்கக் காலம் எதுவோ, அதுவே அந்த நாட்டுச் சிற்றெலிகளுக்குப் பஞ்ச காலம். பஞ்சத்தில் அவற்றுக்கு ஒரு களஞ்சியம் திறந்துகொண்டது.

டீன் பியர்சன் என்ற உயிரியலாளரும் உடன் உழைத்தவர்களும் அந்த எலிகளின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். 2000-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி நாப்வீட் மண்டிய இடங்களில் மான் எலி எனப்படும் அந்தச் சிற்றெலிகளின் குளிர்கால உணவில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்தப் புழுக்கள்தான். ஓர் எலி ஒரு நாளைக்கு 200-க்கும் மேற்பட்ட புழுக்களைக்கூடத் தின்றது. தண்டில் ஏறிப் பூத்தலையைக் கடித்து எடுத்து, கழலையைப் பிளந்து தின்னும் வித்தையை அவை கற்றுக்கொண்டிருந்தன. குளிர்காலத்தில் செத்திருக்க வேண்டிய எலிகள் பிழைத்தன. எலிகள் பெருகின.

மான் எலி ஹான்டா வைரஸ் வகையைச் சேர்ந்த சின் நோம்ப்ரே கிருமியைச் சுமக்கும் விலங்கு. 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில் இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தபோது கண்டறியப்பட்ட கிருமி அது. தொற்றியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்துபோகிறார்கள். பியர்சனும் ரேகன் கேலவேயும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கழலை ஈக்கள் மிகுந்த இடங்களில் இந்தக் கிருமிக்கான அறிகுறியுள்ள எலிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்ததைக் காட்டினார்கள். ஈ மனிதனைக் கடிக்கவில்லை, நோயைப் பரப்பவும் இல்லை. குளிர்காலத்தில் காய்ந்த பூவுக்குள் அசையாமல் படுத்திருந்தது, அவ்வளவே. களையை ஒழிக்க ஒரு பூச்சியைக் கொண்டுவருபவர்கள் அது கோடையில் எதைத் தின்கிறது என்று சோதிக்கிறார்கள். குளிர்காலத்தில் அதை எது தின்னும் என்றும் சோதிக்க வேண்டும் என்பதே இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. எலிகள் தின்றதை வார்லி எண்ணி எழுதிவைத்து, இந்த ஆய்வு வெளிவந்தபோது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் குடும்பத்து ஈ ஒன்று அரசு விருந்தாளியாக வந்திருக்கிறது. நீலகிரியின் சரிவுகளில் மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு வெண்பூக் களை மண்டிப் பரவியபோது, 1963-இல் நியூசிலாந்திலிருந்து புரோசெசிடோகேரிஸ் யூட்டிலிஸ் என்ற கழலை ஈயைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். அது பூவை அல்ல, தண்டைத் தாக்கி அதில் கழலை உண்டாக்கும் இனம். நிலைத்துவிட்டது என்னவோ உண்மை. ஆனால் உள்ளூர் ஒட்டுண்ணிக் குளவிகள் விரைவிலேயே கழலைக்குள் இருக்கும் புழுவைக் கண்டுபிடித்துவிட்டன. களையை அடக்கும் அளவுக்கு ஈ பெருகவில்லை.

பூத்தலையிலேயே வாழும் இனங்களும் நம் நாட்டில் உண்டு. தக்காணத்தில் குசும்பா பயிரிடுவோருக்கு அகாந்தியோஃபிலஸ் ஹீலியாந்தி என்ற ஈ பெரிய தொல்லை. அதன் புழு பூத்தலையைத் துளைத்து உள்ளே அழுகவைத்துவிடுகிறது. டயாக்ஸைனா சொரோர்குலா என்ற சிறிய ஈ, ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள்வரை வெப்ப நாடுகளில் பைடென்ஸ் செடிகளின் பூத்தலைகளில் வாழ்கிறது. பைடென்ஸ் வேறெதுவும் அல்ல, மேடுபள்ளமான பாதையில் நடந்தால் வேட்டியிலும் பாவாடையிலும் கருப்பு ஊசிகளாகக் குத்திக்கொண்டு வருமே, அந்தச் செடிதான். நமக்குப் பனிக்காலம் இல்லை. மழைக்கும் வறட்சிக்கும் இடையில்தான் இந்த ஈக்களின் ஆண்டு ஓடவேண்டும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வேலியோரத்தில் சூரியகாந்தி குடும்பத்துக் காட்டுச்செடி எது இருந்தாலும் சரி. வாடத் தொடங்கிய பூத்தலைகளை இருபது முப்பது பறித்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். மூடி வேண்டாம், ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய பழைய வேட்டித்துணியை வாயில் போட்டு ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். தினமும் ஒருமுறை பாருங்கள். சில வாரங்களில் துணியின் அடியில் புள்ளிபோட்ட இறக்கையை அசைத்துக்கொண்டு ஓர் ஈ நிற்கலாம். ஈக்குப் பதில் பளபளக்கும் சின்னக் குளவி வந்தாலும் ஏமாற வேண்டாம். உள்ளே ஏதோ ஒரு புழு இருந்து அதற்கு இரையாயிற்று என்று பொருள். பார்த்தபின் துணியை அவிழ்த்து அவற்றைச் செடியருகே விட்டுவிடுங்கள். செடியின் பெயர், ஊர், பறித்த தேதி, வெளிவந்த தேதி, இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கோடன் செய்ததும் இந்த வேலையைத்தான்.